காக்கிக்குப் பிள்ளைத்தமிழ்

என் அக்கா மகனுக்கு ஏழு வயசு. பொங்கலுக்கு அவன் கேட்டது காக்கிச் சட்டை, காக்கி டவுசர். டிவியில் வரும் ‘லிட்டில் சிங்கம்’ மாதிரி வேணுமாம். அக்கா வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதை மாட்டிக்கொண்டு சேரித்தெருவில் உறுமிக்கொண்டு வந்தான். திண்ணையில் இருந்த என் அப்பா எழுந்து உள்ளே போனார். பேரனைக் கண்டு எழுந்து போகிறவர் இல்லை அவர்.

ஊர்க்காரர் ஒருத்தர் கிணத்தில் மோட்டார் காணாமப் போனபோது போலீஸ் முதலில் வந்தது எங்க தெருவுக்குத்தான். அப்பாவை ரெண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். வழக்கும் இல்லை, காகிதமும் இல்லை. மோட்டாரை எடுத்தது யாரென்று பின்னால் தெரிந்தது. அவர் எங்க தெருவே இல்லை. அப்பாவுக்கு இடது காது அதிலிருந்து சரியாகக் கேட்பதில்லை.

இந்தத் தொடரின் வம்சாவளி நம்ம ஊரில்தான் தொடங்குகிறது. இயக்குநர் ஹரி 2010இல் ‘சிங்கம்’ எடுத்தார். 2011இல் ரோகித் ஷெட்டி அதை இந்தியில் எடுத்தார். 2018இல் டிஸ்கவரி கிட்ஸ் சேனலுக்காக அந்தப் படத்து நாயகனைச் சிறுவனாக்கி ரிலையன்ஸ் அனிமேஷன் கார்ட்டூன் செய்தது. அது தமிழ் பேசி நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

எம்.ஏ.வில் பிள்ளைத்தமிழ் படித்தபோது பத்துப் பருவத்தையும் மனப்பாடம் செய்தோம். ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பாடினார். பட்டத்து அரசனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டினால் அவன் வாள் யாருக்கும் தெரியாது, பிஞ்சுக் கால்தான் தெரியும். லிட்டில் சிங்கம் செய்வதும் அதுதான். லத்தியைக் குழந்தையாக்கிக் கொஞ்சச் சொல்கிறது. கொஞ்சுகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் என் கேள்வி.

அக்கா மகனோடு உட்கார்ந்து பல கதைகள் பார்த்தேன். மிர்ச்சி நகர் என்று ஓர் ஊர். காலன் மாதிரி அசுரர்கள் வருவார்கள், பையன் சிங்க பலத்தோடு அடித்துப்போடுவான். நான் பார்த்தவரையில் அந்த ஊரில் சேரி இல்லை. புகார் எழுதுகிறவர் இல்லை, லாக்கப் இல்லை, வக்கீல் இல்லை. கெட்டவன் முகத்தைப் பார்த்தாலே கெட்டவன். பார்த்ததும் தெரிந்துவிடும் என்கிற இந்த நம்பிக்கையை வைத்துத்தான் மோட்டார் காணோம் என்றதும் ஜீப் எங்க தெருவுக்கு வந்தது. இந்திப் படத்து முடிவிலும் வில்லன் கோர்ட்டுக்குப் போவதில்லை. போலீசே கூடிச் சுட்டு முடிக்கிறது. மும்பை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கௌதம் பட்டேல் 2023இல் அந்த முடிவைத்தான் ஆபத்தான செய்தி என்று மேடையிலேயே சொன்னார்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தபோது, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக ஹரி அறிக்கை விட்டார். அதை நான் கேலி செய்யமாட்டேன். அந்த அளவுக்குச் சொன்னவர்கள் சினிமாவில் குறைவு. ஆனா ஒரு கணக்கு இடிக்குது. அவருடைய முதல் போலீஸ் படமான ‘சாமி’ வந்தது 2003இல். கதை நடப்பது திருநெல்வேலியில். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1999 ஜூலை 23இல், அதே திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன ஜனங்களை அடித்துத் தாமிரபரணியில் இறக்கியது போலீஸ். செத்தவர்கள் 17 பேர். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் புகுந்து வீடு வீடாக நொறுக்கியதும் போலீஸ்தான். துரைசிங்கம் பிறந்து வளர்ந்ததாகப் படம் காட்டும் தூத்துக்குடிச் சீமைதான் கொடியங்குளமும். அந்த ஒன்றரை டன் அடி எங்கே விழுந்து பழகியது என்று அங்கே கேட்டிருக்கலாம்.

டிவியை அணைத்துவிடு என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வேலை முடிந்து வர ராத்திரி ஏழாகும். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெட்டிதான். எங்கள் மாலைப் படிப்பகத்திலும் பிள்ளைகள் இதே விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள். திருடனாக நிற்க ஆள் வேணுமில்லையா, கறுத்து மெலிந்த ஒருத்தனையே தினமும் நிறுத்துகிறார்கள். எல்லாருமே எங்க தெருப் பிள்ளைகள்.

போன வாரம் அவன் கேட்டான்: “மாமா, தாத்தாவுக்கு ஏன் ஒரு காது கேக்கல?” அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், முழுசும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வெளியே போய்விட்டான். காக்கிச் சட்டை கொடியில் கிடக்கிறது. அப்பா தன் துண்டை வேறு பக்கம்தான் காயப்போடுகிறார்.