காரத்தில் கரைவதெல்லாம் ஹியூமிக் அமிலமா?

மட்கிய உரத்தின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லிவிட முடிந்தால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வசதிதான். அந்த இடத்தைப் பல ஆய்வறிக்கைகளிலும் விளம்பரங்களிலும் பிடித்திருப்பது ஹியூமிக் அமிலத்தின் சதவீதம். எண் கூடினால் உரம் நன்றாக முதிர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால், அவ்வளவு நம்பிக்கைக்கு இடமில்லை.

செய்முறை மிகப் பழையது. 1786இல் ஃபிரான்ஸ் கார்ல் ஆக்கார்ட் என்ற ஜெர்மானிய வேதியியலர் சதுப்பு நிலத்தில் பாதி மட்கிப் படியும் பீட் என்ற தாவர எச்சத்தைக் காரத்தில் கரைத்து, அதில் அமிலம் சேர்த்துக் கறுத்த வீழ்படிவு ஒன்றைப் பெற்றார். இன்றும் அடிப்படை அதுதான். உலர்த்திச் சலித்த உரத்தைப் பத்துப் பங்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுக் குலுக்குகிறார்கள். கரைசல் காப்பி டிகாக்‌ஷன் போலக் கறுத்து இறங்குகிறது. மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்ததை வடித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிஹெச் 1க்குக் கொண்டுவந்தால் பழுப்புத் துணுக்குகள் திரண்டு அடியில் படிகின்றன. படிந்தது ஹியூமிக் அமிலம். மேலே மஞ்சளாக நிற்கும் நீரில் இருப்பது ஃபுல்விக் அமிலம். காரத்துக்கு மசியாமல் முதலிலேயே தங்கிவிட்டது ஹியூமின். மூன்றுமே கரைதிறனை வைத்து வகுத்த பிரிவுகள். எந்த மூலக்கூறு, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இந்த வகைப்பாட்டில் பதில் இல்லை.

இந்த முறைக்கு உண்மையான பலம் உண்டு. மாவட்டத் தலைநகரில் இருக்கும் சாதாரண ஆய்வகம்கூட இதைச் செய்துவிடலாம். 1981இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஹியூமிக் பொருள்கள் கழகம் இதற்கென ஒரு பொது நடைமுறையை வகுத்ததால், ஓர் ஊரின் அளவீட்டை இன்னோர் ஊரின் அளவீட்டோடு ஒப்பிட முடிகிறது. நகரக் குப்பை உரத்தில் மணலும் சாம்பலும் இரும்பும் மிகுதி. அவை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு போன்ற நுண்ணாய்வுகளைக் குழப்பிவிடும். பிரித்துத் தூய்மையாக்கிய ஹியூமிக் அமிலத்தில் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகளை அளக்கலாம். அது செம்பையும் ஈயத்தையும் எவ்வளவு பற்றிக்கொள்கிறது என்றும் பார்க்கலாம். ஒரே குவியலை மாதம்தோறும் பின்தொடரும் ஆய்வில், ஹியூமிக்–ஃபுல்விக் விகிதம் உயர்ந்துகொண்டே போவது கவனிக்கத்தக்க அடையாளம்தான்.

சிக்கல் மூலப்பொருளிலேயே தொடங்குகிறது. பொள்ளாச்சிப் பக்கம் மலைபோலக் குவியும் தென்னை நார்க்கழிவை எடுத்துக்கொள்வோம். அதில் தாவரத்துக்கு மரத்தன்மை தரும் லிக்னின் மிக அதிகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதுபோல் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைத்தால் கரிமம்–தழைச்சத்து விகிதம் 112:1இலிருந்து 24:1 அளவுக்கு இறங்குகிறது. அது மட்கியதற்கான நல்ல சான்று. ஆனால் மட்காத நார்க்கழிவையே காரத்தில் ஊறவைத்தாலும் கரைசல் கறுக்கும், அமிலம் விட்டால் படியும். காகித ஆலைகளில் மரத்திலிருந்து லிக்னினைப் பிரிப்பதும் சோடியம் ஹைட்ராக்சைடுதான். அங்கே வடியும் கறுப்புக் கழிவுநீரில் அமிலம் சேர்த்தால் லிக்னின் படிகிறது. கரைதிறன் இலக்கணப்படி பார்த்தால் அதையும் ஹியூமிக் அமிலம் என்றே எழுத வேண்டிவரும்! உணவகக் கழிவில் இருக்கும் எண்ணெயும் கொழுப்பும் காரத்தில் சோப்பாகக் கரைந்து, அமிலத்தில் கொழுப்பு அமிலமாகத் திரும்பி, அதே படிவில் சேர்ந்துகொள்கின்றன. புரதமும் ஓரளவு வரும். ஆக, உரக்குழியில் ஒரு நாள்கூடக் கிடக்காத கழிவுக்கும் 'ஹியூமிக் மதிப்பு' உண்டு.

காற்றும் தன் பங்குக்கு எண்ணை ஊதிப் பெருக்கும். காரக் கரைசலில் ஃபீனால் சேர்மங்கள் ஆக்சிஜன் பட்டுக் கறுத்து ஒன்றோடொன்று இணைகின்றன. அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் வாயுவுக்குக் கீழே பிரித்தெடுக்கச் சொல்கிறது நடைமுறை. அந்தச் சிலிண்டரை மிச்சம் பிடிக்கும் ஆய்வகம், அளக்க வந்த பொருளில் ஒரு பகுதியைத் தானே குடுவையில் தயாரித்துவிடுகிறது.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது கணக்கில் நேரும் பிழை. 100 கிலோ உலர் கழிவில் 20 கிலோ சாம்பல், 80 கிலோ கரிமப் பொருள், அதில் 8 கிலோ காரத்தில் கரைந்து அமிலத்தில் படிவது என்று வைத்துக்கொள்வோம். கரிமப் பொருளில் அது 10 சதவீதம். மட்கும்போது சர்க்கரையும் செல்லுலோசும் கரியமில வாயுவாகப் போய்க் கரிமப் பொருள் 40 கிலோவாகச் சுருங்குகிறது. அந்த 8 கிலோ அப்படியே இருக்கிறது. அறிக்கையிலோ 20 சதவீதம்! ஒரு கிராம்கூடப் புதிதாக உருவாகவில்லை. சாம்பல் 20 சதவீதத்திலிருந்து 33க்கு ஏறியிருப்பதைக் கவனித்தவருக்குத்தான் இழப்பு புரியும். சாம்பல் எங்கும் போகாது என்பதால் அதை வைத்துத் தொடக்க எடைக்குத் திருப்பிக் கணக்கிடலாம். சிக்கனமான, நேர்மையான திருத்தம் இது. பலர் ஏன் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

2015இல் மண் அறிவியலர்கள் யோஹன்னஸ் லேமனும் மார்க்குஸ் கிளீபரும் நேச்சர் இதழில் இன்னும் ஆழமாக வெட்டினார்கள். மண்ணில் ஹியூமிக் பொருள் என்ற தனி இனமே புதிதாகக் கட்டப்படுவதற்குச் சான்று இல்லை. பல நிலைகளில் சிதைந்துகொண்டிருக்கும் தாவர, நுண்ணுயிர் எச்சங்களின் தொடரே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஹியூமிக் ஆய்வாளர்கள் இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். மண்ணைப் பற்றிய அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், சில மாதங்களே மட்கும் உரத்தைப் பொறுத்தவரை எனக்குக் கிளீபர் பக்கமே நியாயம் தெரிகிறது. லிக்னினும் கொழுப்பும் இன்னும் அடையாளம் தெரிய நிற்கும் பொருள் அது.

இந்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்குக் கரிமம்–தழைச்சத்து விகிதம் 20க்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. ஹியூமிக் அமிலத்துக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. சரியான முடிவு. அதற்காகக் காரப் பிரிப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன். முதல் நாள் மாதிரியின் அளவும் சாம்பல் திருத்தமும் கூடவே இருந்தால் அது ஒரு குவியலின் போக்கைக் காட்டும். அந்த இரண்டும் இல்லாத ஹியூமிக் எண்ணை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. மேலும், அம்மோனியா, அசிட்டிக் அமிலம், உப்பு ஆகிய மூன்றும் விதையைக் கருக்கக்கூடியவை. மூன்றையும் ஹியூமிக் சதவீதம் கண்டுகொள்வதே இல்லை. உரத்தை ஊறவைத்து வடித்த நீரில் விதை போட்டு, முளைப்பையும் வேரின் நீளத்தையும் அளக்கும் சோதனையை இத்தாலியின் சுக்கோனி குழுவினர் 1981இலேயே கொடுத்துவிட்டார்கள். நாற்றங்காலுக்கு உரம் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சோதனையின் முடிவைத்தான்.