வரப்பின்மேல் வேகம்

1976இல் கலிபோர்னியாவின் மரின் மலைப்பகுதியில் தொடங்கிய ரீபேக் என்னும் மலைச்சரிவுச் சைக்கிள் பந்தயங்களைப் படமெடுத்த வெண்டி கிராக்கின் வழியில் இறுதியாண்டுப் படைப்பைச் சமைக்க விழையும் புகைப்பட மாணவனுக்கு, மலையே இல்லாத மரக்காணம் உப்பளமும் போதுமென்பேன். உப்பு வாரும் பலகையோடு வேலைக்குச் செல்லும் உப்பளத் தொழிலாளியின் சைக்கிளில், சரிவில் பாயும் சாகசத்தைவிட லாவண்யம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க, வரப்பின்மேல் போகும் சைக்கிளின் கதிக்கு இசையக் காமிராவையும் ஒரே சீராகத் திருப்பினால், ஓட்டுபவரின் முகம் தெளிந்து நிற்க, பின்னாலுள்ள உப்புக் குவியல்கள் யாவும் நீண்ட வெண்கோடுகளாகக் கரைந்து, ஸ்திரமும் சலனமும் ஒரே சட்டத்துள் சங்கமிக்கும் (கை சற்றே பிசகினாலும் சகலமும் குழம்பிவிடும் என்பது வேறு விஷயம்). உப்பின் வெண்மையைச் சாம்பல் நிறமாக்கிவிடப் பார்ப்பது ஒளிமானியின் சுபாவமாதலால், அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப்பேனும் கூட்டியே ஒளியை உள்ளே விடவேண்டும்.