சதுரங்க உவமையும் அதன் எல்லையும்

உவமையின் பணி ஒப்புமை கூறுதலோடு முடிந்துவிடுவதன்று. ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடுங்கால், இரண்டும் ஒத்துச் செல்லும் இடம் எது, ஒவ்வாது பிரியும் இடம் எது என்னும் தெளிவும் உடன் பிறத்தல் வேண்டும். அத்தெளிவு இல்லாதபோது உவமை பொருளை விளக்குவதை விட்டு மறைக்கத் தொடங்குகிறது. இக்காலத்துத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் செய்தித்தாள்களிலும் மிகுதியாகப் பயின்று வரும் உவமைகளுள் சதுரங்கம் ஒன்று. போர், அரசியல், வணிகம், காதல், குற்றம், இறப்பு ஆகிய எல்லாவற்றிற்கும் அஃது உவமையாகின்றது. இத்துணைப் பொருள்களுக்கும் ஒரே ஆட்டம் பொருந்துமாயின், அஃது உண்மையில் எதனையேனும் விளக்குகின்றதா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வையத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உவமத்திற்கு நிலைக்களமாவன வினை, பயன், மெய், உரு என நான்கு என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இவ்விரண்டும் கண்ணுக்குப் புலனாவன. வினையும் பயனும் ஆராய்ந்து அறியப்படுவன. ஆட்டத்தை உவமையாக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. கல்விநிறைவு இன்றி அவையில் பேசப் புகுதலை, கட்டம் வரையாமல் வட்டாடுதலோடு ஒப்பிடுகின்றது திருக்குறளின் கல்லாமை அதிகாரம். ஆண்டு உவமையாவது காயின் வடிவமோ அரங்கின் அழகோ அன்று. கட்டம் இல்லையேல் ஆட்டமே இல்லை என்னும் விதியே ஆண்டு உவமையாகின்றது. எனவே அது வினையைப் பற்றி எழுந்த உவமை. சதுரங்கத்தை உவமையாக்கும் இக்காலப் படைப்புக்களையும் இவ்வளவுகோலால் அளந்து நோக்கலாம்.

முதற்கண், சதுரங்கம் என்னும் பெயரே ஓர் உருவகம் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகை உறுப்புடைய படையைக் குறித்த வடசொல், பின்னர் ஆட்டத்திற்குப் பெயராயிற்று. பாரசீகம் சென்று, அரபு நாடுகளில் ஷத்ரஞ்ச் எனத் திரிந்து, ஐரோப்பாவை அடைந்தது அவ்வாட்டம். ஆண்டு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மந்திரியின் இடத்தில் இருந்த அரசி பெருவலிமை பெற்றாள். போரைப் பார்த்து அமைந்த ஆட்டத்தைப் போருக்கே மீண்டும் உவமையாக்கும்பொழுது, நிழலைக் கொண்டு மரத்தை அளப்பது போன்ற இடர்ப்பாடு நேர்கின்றது. ஏனெனில், ஆட்டமாக மாறியபொழுதே போரின் இயல்புகள் பல கழிந்துவிட்டன. 64 கட்டங்களில் இருபாலும் 16 காய்கள் சமமாக நிற்கின்றன. தற்செயலுக்கு இடமில்லை. மறைவு என்பது இல்லை. இருவர் கண்ணுக்கும் எல்லாக் காய்களும் தெரியும். காய்க்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. தன் காயைத் தானே வெட்டுதற்கு விதியும் இல்லை. இவற்றுள் ஒன்றேனும் உலக வாழ்வில் முழுதும் பொருந்துவதன்று. ஆதலின் சதுரங்க உவமையைக் கையாள்வோர்க்கு, ஒவ்வாமையை எவ்வாறு கையாள்வது என்பதே உண்மையான சிக்கல்.

இச்சிக்கலை அறியாது, மெய்யும் உருவும் மட்டுமே பற்றிச் செல்லும் படைப்புக்கள் பல. கருப்பும் வெள்ளையுமாகிய கட்டங்கள் நன்மை தீமைகளுக்கும், பலகை முன் அமர்ந்த ஒருவன் கூரிய அறிவுக்கும் அடையாளமாகிவிடுகின்றன. 1963இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு படமாகிய 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' இதற்குத் தக்க சான்று. சதுரங்க வல்லுநனாகிய குரோன்ஸ்டீன் வெனிஸ் நகரில் ஆட்டத்தை வென்றுவிட்டுத் தன் கூட்டத்தாருக்குச் சூழ்ச்சித் திட்டம் வகுத்துத் தருகின்றான். அவன் ஆடிய ஆட்டத்திற்கும் வகுத்த திட்டத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வல்லுநன் என்னும் பட்டமே போதும் எனப் படம் கருதுகின்றது. ஆயினும் கதைப்போக்கு அவ்வுவமையை மறுத்துவிடுகின்றது. காயாக நகர்த்தப்பட்ட பெண் பாண்டின்மேல் அன்பு கொண்டு, தன்னை நகர்த்தியவளையே இறுதியில் சுடுகின்றாள். தமிழிலும் 2014இல் எச். வினோத் இயக்கிய 'சதுரங்க வேட்டை' ஏமாற்றுத் தொழிலைச் சுவைபட ஆராய்ந்த படம். எனினும் ஏமாற்றுவோன் பிழைப்பது எதிராளி காணாத ஒன்றை மறைத்து வைப்பதால். சதுரங்கமோ மறைவற்ற ஆட்டம். ஆகவே அத்தலைப்பு சூழ்ச்சி என்னும் பொதுப்பொருளை உணர்த்தும் அளவில் அமைகின்றது.

இனி, ஒவ்வாமையை அறிந்தே கையாண்ட படைப்புக்கள் மூன்றினைக் காண்போம்.

பிரேம்சந்த் 1924இல் எழுதிய சிறுகதையைத் தழுவிச் சத்யஜித் ராய் 1977இல் உருவாக்கிய படம் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி'. 1856இல் ஆங்கிலக் கும்பெனி அவத் நாட்டைக் கைக்கொண்ட காலத்து, இலக்குமணபுரியில் இரு செல்வர்கள் நாடு போவதையும் பொருட்படுத்தாது சதுரங்கத்தில் ஆழ்ந்திருக்கின்றனர். அரசியலே சதுரங்கம், கும்பெனியே வல்ல ஆட்டக்காரன் எனப் பொருள் கொள்ளுதல் எளிது. ஆனால் ராய் காட்டுவது அதுவன்று. வாஜித் அலி ஷா படை திரட்டவில்லை. தம் முடியைக் கழற்றி ஆங்கிலேயனிடம் நீட்டுகின்றார். ஒரு காயும் நகராமலே ஆட்டம் முடிந்துவிடுகின்றது. இருதரப்பும் சமவலிமையுடையன என்னும் ஆட்டவிதி அந்நாட்டில் என்றோ அழிந்துவிட்டது என்பதே குறிப்பு. பலகையில் நேர்மையான ஆட்டம் நடப்பது, பலகைக்கு வெளியே ஆட்டமே இல்லை என்பதை எடுத்துக்காட்டுகின்றது.

படத்தில் ஆட்டவிதியே கதைப்பொருளாக மாறும் இடமும் உண்டு. ஆங்கிலேயர் முறையில் மந்திரிக்கு மாறாக அரசி நிற்பாள், காலாள் முதலில் இரு கட்டம் செல்லும், ஆட்டம் விரைவில் முடியும் என நண்பர் ஒருவர் அச்செல்வர்களுக்கு விளக்குகின்றார். பிரேம்சந்தின் கதையில் இருவரும் ஆட்டத்தில் பூசலிட்டு ஒருவரையொருவர் வெட்டி மாய்கின்றனர்; அரசனுக்காகச் சிந்தாத குருதியை மரமந்திரிக்காகச் சிந்துகின்றனர். ராய் அவ்விருவரையும் உயிரோடு விடுகின்றார். துப்பாக்கி வெடித்தும் எவரும் மாயவில்லை. கும்பெனிப்படை கடந்து சென்றபின், அவர்கள் மீண்டும் அமர்ந்து ஆங்கில முறையில் ஆடத் தொடங்குகின்றனர். மந்திரி விலக, விக்டோரியா அரசி பலகைக்கு வருகின்றாள். கதையின் முடிவு அறத்தின் தண்டனை. படத்தின் முடிவு அடிமைநிலைக்கு எளிதிற் பழகிவிடும் இயல்பைக் காட்டுவது. இரண்டனுள் கடுமையானது பின்னதே எனத் தோன்றுகின்றது.

இரண்டாவது, சுவீடன் நாட்டு இங்மர் பெர்க்மன் 1957இல் இயக்கிய 'ஏழாவது முத்திரை'. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரன் ஒருவன், கொள்ளைநோய் பரவிய நாட்டில், தன்னை அழைக்க வந்த கூற்றுவனைச் சதுரங்கம் ஆட அழைக்கின்றான். ஸ்டாக்ஹோம் அருகில் டேபி என்னும் ஊர்க் கோயிலில், ஆல்பர்ட்டஸ் பிக்டர் 15ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியத்தில் மனிதனும் சாவும் சதுரங்கம் ஆடும் காட்சி உண்டு. ஓவியம் ஒப்புமையோடு அமைகின்றது. பெர்க்மன் அதனைக் கடந்து செல்கின்றார். பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தில் குருவென்று எண்ணி வீரன் தன் ஆட்டத் திட்டத்தை வெளியிட, கேட்டிருந்தவன் கூற்றுவனே என அறிகின்றான். பலகை வெளிப்படை, மனம் மறைவு. அம்மறைவையும் சாவு ஊடுருவுமாயின் ஆட்டம் நேர்மையானதாகாது. தோல்வி உறுதியான அந்நிலையில் வீரன் தன் மேலாடையால் காய்களைத் தட்டிச் சிதறச் செய்கின்றான். கூற்றுவன் காய்களை நினைவிலிருந்து அடுக்கி முடிப்பதற்குள், கூத்தன் ஒருவனும் அவன் மனைவியும் குழந்தையும் தப்பிச் செல்கின்றனர். ஆட்டத்தில் வீரன் தோற்கின்றான். ஆனால் வாழ்நாளில் அவன் தேடிய பொருளுடைய செயல் ஒன்று ஆட்டவிதியை மீறிய அந்நொடியில் நிறைவேறுகின்றது. உவமையின் முழுப்பயனும் அது முறியும் இடத்திலேயே விளைகின்றது.

மூன்றாவது, 2002 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'தி வயர்' என்னும் தொடர். பால்டிமோர் நகரின் போதைப்பொருள் வாணிகத்தை அது விரிவாகக் காட்டுவது. முதற்பருவத்தில், தெருவில் சரக்கு விற்கும் இளைஞர்களாகிய போடியும் வாலஸும் சதுரங்கக் காய்களைக் கொண்டு வேறோர் எளிய ஆட்டம் ஆடுகின்றனர். அவர்கள் தலைவனாகிய டி'ஏஞ்சலோ, அரசன், அரசி, கோட்டை, காலாள் என ஒவ்வொன்றையும் தம் கூட்டத்தாரோடு ஒப்பிட்டு ஆட்டம் கற்பிக்கின்றான். அரசனாவது எவ்வாறு என்பதே அவ்விளைஞர்களிடமிருந்து எழும் கேள்வி. அரசன் அரசனாகவே இருப்பான் என்பது விடை.

இதுவரை ஒப்புமை முற்றும் பொருந்துகின்றது, முற்றுருவகம் எனலாம். ஆனால் தொடரின் பிற்பகுதியை உடன்வைத்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். பலகையைச் சுற்றியிருந்த மூவரும் பின்னர்க் கொலையுண்கின்றனர். வாலஸ் மேலிடத்து ஆணையால் மடிகின்றான். ஆணையை நிறைவேற்றியவருள் போடியும் ஒருவன். டி'ஏஞ்சலோ சிறையில் தன் கூட்டத்தாரின் சூழ்ச்சியால் மாய்கின்றான். 2006இல் வந்த நான்காம் பருவத்தில், போடியும் தான் எவன் சரக்கை விற்றானோ அவன் ஆணையால் சுடப்படுகின்றான். மூவரையும் வெட்டியது எதிர்ப்படை அன்று. சதுரங்கத்தில் இல்லாத விதி அவ்வுலகில் நடைபெறுகின்றது. ஆட்டம் கொடியது எனக் காட்டிய உவமை, வாழ்வு ஆட்டத்தினும் கொடியது எனக் கூறாமற் கூறி முடிகின்றது. இறப்பதற்கு முன் போடி அச்சதுரங்கக் காலாட்களை நினைவுகூர்ந்து, ஏவிய அனைத்தையும் செய்த தனக்குத் துணைநிற்பார் இல்லை எனக் குறைகூறுகின்றான். காய் வாய்திறந்து பேசுகின்றது. அதுவும் ஆட்டத்தில் நிகழாத ஒன்று.

இம்மூன்றனையும் மனத்திற்கொண்டு நம் செய்தித்தாள்களின் நடைக்கு வருவோம். 'காய் நகர்த்தினார்', 'செக் வைத்தார்', 'பகடைக்காய் ஆக்கினார்' என்னும் தொடர்கள் தேர்தற் காலத்தில் நாடோறும் காணக்கிடப்பன. சதுரங்கத்தில் 'செக்' என்பது அரசனுக்கு நேர்ந்த இடரைக் குறிக்கும். அதிலிருந்து மீள வழியும் பெரும்பாலும் உண்டு. தலைப்புக்களிலோ அஃது எதிரியின் முடிவைப்போல ஒலிக்கின்றது. இது சிறுபிழை. பெரும்பிழை வேறு. நகர்த்துவோர் பெயர் சொல்லப்படும். நகர்த்தப்படுவோர் பெயர் சொல்லப்படுவதில்லை. தலைவரை ஆட்டக்காரராக உருவகித்து, ஏனையோரை யாதாகவும் உருவகிக்காது விடும் ஏகதேச உருவகம் இது. வாக்களிப்போர் அப்பலகையில் எங்கு நிற்கின்றனர்? சதுரங்கத்தில் வெற்றி தோல்வியைப் பலகைக்கு வெளியே உள்ளார் முடிவு செய்வதில்லை. தேர்தலிலோ முடிவு செய்வோர் அவர்களே. உவமை அவர்களைக் காண்போர் ஆக்கிவிடுகின்றது. மேலும், 'நகர்த்தல்' எனப்பட்ட செயல் திறமையானதா அன்றா என்று மட்டுமே வினவப்படும்; முறையானதா என வினவுதற்குச் சொல்லிலேயே இடமில்லாது போகின்றது. கட்சி மாறுதலும் வாக்குறுதி மறத்தலும் வல்ல ஆட்டமாகப் பாராட்டப்படும் நிலை இதனால் விளைகின்றது.

'பகடைக்காய்' என்னும் சொல் தனியே ஆராயத்தக்கது. பகடை சூதாட்டக் கருவி; சதுரங்கத்திற்கு உரியதன்று. பிறர் கருவியாக்கப்பட்டவனைச் சதுரங்கக் காலாள் என வழங்குவது மேலைநாட்டார் வழக்கு. தமிழ் வழக்கு அவ்விடத்தில் சூதாட்டத்தை நாடியது. இதனை மயக்கம் எனத் தள்ளுதல் வேண்டா. உருட்டுவோனும் முற்றும் தன்வயத்தன் அல்லன், தற்செயலுக்கு அவனும் உட்பட்டவன் என்னும் உண்மை அச்சொல்லில் உண்டு. அரசியலுக்கு அது சதுரங்கத்தினும் நன்கு பொருந்துகின்றது. மேலும், சூது என்றவுடன் தமிழ் மனத்தில் எழுவது பாரதத்துச் சபை. ஆண்டுப் பணயமாக வைக்கப்பட்டவள் எழுந்து, தன்னைத் தோற்றவனுக்குத் தன்னை வைத்தாடும் உரிமை உண்டோ என வினவுகின்றாள். பாரதியார் பாஞ்சாலி சபதத்தைப் படைத்தது அவ்வினாவின் ஆற்றலை உணர்ந்தே. ஆட்டத்தை ஆடுவோர் கண்ணால் மட்டுமன்றி, ஆட்டப்படுவோர் வாயாலும் காட்டும் மரபு நமக்குப் பழமையானது.

சதுரங்கம் இன்று தமிழகத்தில் சிலர் மட்டும் அறிந்த கலையன்று. 1988இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆம் உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 2024இல் குகேஷ் 18 வயதில் உலக வாகையர் ஆனார். பள்ளிச் சிறுவரும் ஆட்டவிதிகளை அறிந்த நாட்டில், விதியறியாத உவமை நெடுநாள் செல்லாது. எனவே எழுதுவோர் இவ்வுவமையைக் கைவிடுதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. சமவலிமை உண்டா, மறைவு இல்லையா, காய்க்கு வாய் உண்டா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிய பின்னரே அதனைக் கையாளுதல் வேண்டும் என்பதே ஈண்டு வேண்டப்படுவது. விடை 'இல்லை' என வருமிடத்தில் ராயும் பெர்க்மனும் 'தி வயர்' தொடரை ஆக்கியோரும் உவமையை விட்டு ஓடவில்லை. அவ்விடத்தையே கதையின் நடுவாக்கினர். செய்தி எழுதுவோரும் அவ்விடத்தில் சற்று நின்று, நகர்த்தப்பட்டவர் யார் என்பதையும் உடன் எழுதுவாராயின், தேய்ந்துபோன இவ்வுவமைக்கு மீண்டும் பொருள் உண்டாகும்.