சஸ்பென்ஸ் கணக்கில் எட்டுப் பேர்

போன வாரம் ராத்திரி சேனல் மாற்றிக்கொண்டே வந்தபோது 'பேர்ல் ஹார்பர்' மாட்டியது. மைக்கேல் பே இயக்கி 2001-ல் வந்த படம். மூன்று மணி நேரத்துக்கு மேல். 14 கோடி டாலர் பட்ஜெட். ஒரு நர்ஸ், ரெண்டு பைலட், நடுவில் ஜப்பான். குண்டு விழ ஆரம்பிப்பதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டேன். ஒலித்தொகுப்புக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள் என்பது எழுந்த பிறகுதான் புரிந்தது.

காதல் கதையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. டைட்டானிக்கைப் பார்த்து எல்லோருக்கும் வந்த ஆசை அது. என் புகார் வேறு. பசிபிக் யுத்தம் ஹவாயில்தான் ஆரம்பித்தது என்று இந்தப் படம் சத்தியம் செய்கிறது. அதுதான் பொய்.

ஹவாயில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்பாகவே மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்க ஆரம்பித்துவிட்டது. அதற்கும் பல மணி நேரம் முன்னால், டிசம்பர் 7-ம் தேதி காலை, சயாம் வளைகுடாவின் மேலே ஒரு பிரிட்டிஷ் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. உள்ளே இருந்தது எட்டுப் பேர். அவர்கள் சாகும்போது போரே அறிவிக்கப்படவில்லை.

அது 'கேட்டலினா' ரக விமானம். பறக்கும் படகு என்பார்கள். அடிவயிறு படகு மாதிரி இருக்கும், தண்ணீரிலேயே கிளம்பி தண்ணீரிலேயே இறங்கும். இறக்கையின் நீளம் 104 அடி. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஆடி அசைந்து போகும். ஆனால் இருபது மணி நேரத்துக்கு மேல் வானத்தில் தாக்குப் பிடிக்கும். உள்ளே படுக்க பங்க் உண்டு, டீ போட அடுப்பு உண்டு. சண்டைக்குச் செய்த வண்டி இல்லை. பார்ப்பதற்குச் செய்த வண்டி.

டிசம்பர் 6-ம் தேதி ஒரு ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் மேகம் மூடி, கப்பல்கள் கண்ணிலிருந்து தப்பிவிட்டன. எங்கே போகிறார்கள், சயாமுக்கா, மலாயாவுக்கா? சிங்கப்பூரில் தளபதி புரூக்-போப்ஹாமுக்கு உறுதியான தகவல் வேண்டும். அது வந்தால்தான் சயாமுக்குள் முந்திக்கொண்டு படையை அனுப்பும் 'மாட்டடோர்' திட்டத்துக்குப் பச்சைக்கொடி. அந்தத் தகவலைத் தேடித்தான் செலத்தாரில் இருந்த 205-வது ஸ்குவாட்ரனின் கேட்டலினாக்கள் கிளம்பின. அதில் ஒன்றை ஓட்டியவர் பாட்ரிக் பெடல். அந்த விமானத்திலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

என்ன நடந்தது என்பது ஜப்பானியர்களின் பதிவுகளிலிருந்துதான் தெரிந்தது. முதலில் ஒரு கடல் விமானம் வந்து வம்பிழுத்திருக்கிறது. பிறகு ராணுவத்தின் கி-27 போர் விமானங்கள் வந்து முடித்துவிட்டன. யாரும் பிழைக்கவில்லை.

அந்த ஒரு செய்தி மட்டும் வந்து சேர்ந்திருந்தால் சிங்கப்பூர் விழுந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். அது ரொம்ப ஓவர். ஆனால் 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அந்தக் கதையின் முதல் பக்கத்தில் இந்த எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஹாலிவுட்டுக்கு அந்தப் பக்கமே கிடைக்கவில்லை.

இதோடு இன்னொரு விஷயத்தை வைத்துப் பாருங்கள். 1942 ஏப்ரல் 4. இதே ரக கேட்டலினா. இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய கனடாக்காரர் லெனார்ட் பிர்ச்சல், நாகுமோவின் கப்பற்படையைப் பார்த்துவிட்டார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டுத் தள்ளினார்கள். ஒன்பது பேரில் மூன்று பேர் காலி, ஆறு பேர் கைதி. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. அதற்கு மறுநாள் விசாகப்பட்டினத்தில் குண்டு. அந்த ஏப்ரலில் மெட்ராஸே பெட்டி படுக்கையோடு உள்நாட்டுக்கு ஓடியது, தாத்தாக்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பிர்ச்சலுக்கு 'இலங்கையைக் காத்தவர்' என்று பட்டம், புத்தகம், பேட்டி எல்லாம் கிடைத்தது. 2004 வரை வாழ்ந்தார். தகுதியான மனிதர்தான். ஆனால் பெடலும் அதே வேலையைச் செய்யத்தான் போனார். பார்த்தாரா, பார்த்ததைச் சொல்ல முயன்றாரா, யாருக்குத் தெரியும்? பி.காம் படித்தவன் பாஷையில் சொன்னால், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போமே, அப்படிப் போட்டுவிட்டார்கள்.

சரி, இந்த மாதிரி ரோந்தை ஒழுங்காகக் காட்டிய படமே இல்லையா? இருக்கிறது. 'கோஸ்டல் கமாண்ட்', 1942. பிரிட்டிஷ் அரசின் கிரவுன் ஃபிலிம் யூனிட் எடுத்தது, இயக்கம் ஜே.பி. ஹோம்ஸ். நடிகர்களே கிடையாது, விமானப்படை ஆட்களே நடித்திருக்கிறார்கள். அதாவது நடிக்கத் தெரியாமல் நிற்கிறார்கள். வசனத்தைப் பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறார்கள். கறுப்பு வெள்ளை. ஹீரோயின் இல்லை. 'சண்டர்லேண்ட்' என்ற பறக்கும் படகும் அட்லாண்டிக்கும்தான் கதை.

ஆனால் பார்க்க ஆரம்பித்தால் விடமுடியவில்லை. கடலைப் பார்க்கிறார்கள். பிறகும் பார்க்கிறார்கள். ஒரு எதிரிக் கப்பல் தென்படும்போது நமக்கும் கண் வலிக்கிறது. அந்த வலிதான் ரோந்து. மைக்கேல் பே ரெண்டு வினாடிக்கு ஒரு கட் போட்டு அந்த வலியை நமக்கு இல்லாமல் செய்துவிடுகிறார். வான் வில்லியம்ஸின் இசை மட்டும் அங்கங்கே கொஞ்சம் அதிகமாக நெஞ்சை நிமிர்த்துகிறது.

அதற்கும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். போர் நடந்துகொண்டிருக்கும்போது அரசாங்கம் எடுத்த பிரச்சாரப் படம். எதிரி விமானங்கள் வந்து சுட்டாலும் நம்ம சண்டர்லேண்ட் திரும்பி வந்தாக வேண்டும். வராத விமானத்தை 1942-ல் தியேட்டரில் காட்ட முடியுமா? நிஜத்தில் எத்தனையோ ரோந்துகள் அந்தப் படம் முடிகிற இடத்துக்கு வந்து சேரவே இல்லை.

சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில், கல்லறை இல்லாத 24 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் பெயர்களைச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் ஏராளம். சிங்கப்பூர் போகிறவர்கள் செந்தோசாவை ஒரு அரை நாள் குறைத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

யாராவது பெடலின் கதையைப் படமாக எடுத்தால் எனக்கு டாக்ஃபைட் வேண்டாம். விமானத்துக்குள்ளே கேமராவே போகக் கூடாது, ஏனென்றால் அங்கே நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை. செலத்தாரில் ஒரு அறை, ஒரு வயர்லெஸ், சுவரில் கடிகாரம் போதும். கிளம்பும்போது போட்ட பெட்ரோல் எத்தனை மணிக்குத் தீரும் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் வரைக்கும் படம் ஓடட்டும். ஹான்ஸ் ஜிம்மரைக் கூப்பிட வேண்டாம்.