பலூன் வாங்கித் தரும் காலம்

குடலில் தீராத அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயால் குடல் குறுகியவர்களுக்கு வயிற்றைத் திறக்காமல், எண்டோஸ்கோப்பி வழியே பலூன் விட்டு விரிக்கும் சிகிச்சை இன்று பரவலாகிவிட்டது. "ஆபரேஷன் தேவையில்லை" என்ற வாக்கியத்தோடுதான் அது நோயாளியிடம் வந்து சேர்கிறது. அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை.

செய்முறை சிக்கலானதல்ல. மடித்த பலூனைக் கொலனோஸ்கோப்பின் உள்வழியாகச் செலுத்தி, குறுகிய இடத்தில் நிறுத்தி, தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றுவார்கள். 12 மி.மீ., 15, 18 என்று படிப்படியாக விரித்துச் சற்று நேரம் பிடித்துவைத்து இறக்குவார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

இதன் அருமை, அடைப்போடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சாப்பிட்டால் அரைமணியில் வயிறு முறுக்கும், உப்பும், கடைசியில் வாந்தி. பண்ருட்டிப் பலாச்சுளையும் முருங்கைக்காயும் முதலில் விலகும். பிறகு சோறே பயமாகிவிடும். 1867-இல் பசித்தவருக்குச் சோறிட வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாத வடலூர்ப் பக்கத்தில், பசியிருந்தும் இலையில் உட்காரப் பயப்படுவது என்ன துன்பம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பலூன் அந்தப் பயத்தைச் சில நாட்களில் போக்கிவிடுகிறது. குடலும் முழு நீளத்தோடு உடம்பிலேயே இருக்கிறது. குரோன் நோய் வெட்டி எடுத்தாலும் தீராது. வெட்டி இணைத்த இடத்திலேயே மறுபடி தலைகாட்டும். நான்கைந்து முறை வெட்டினால் சத்தை உறிஞ்சப் போதிய குடல் மிஞ்சாது. அந்த வகையில் பலூன் சேமித்துத் தரும் ஒவ்வொரு அங்குலமும் பெரிது.

ஆனால் எவ்வளவு காலத்துக்கு? 33 ஆய்வுகளில் இருந்த 1,463 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வந்த கணக்கு இதற்கு விடை சொல்கிறது. நூற்றுக்கு 89 முறை பலூன் வேலை செய்தது. நூற்றுக்கு 81 பேருக்கு உடனடி நிவாரணமும் கிடைத்தது. இந்த இரண்டு எண்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுக்குள் 73 சதவீதத்தினருக்கு மறுபடி விரிக்க வேண்டியிருந்தது, 43 சதவீதத்தினர் ஆபரேஷனுக்கே போனார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பலூன் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறது, பலருக்குத் தவிர்ப்பதில்லை. தள்ளிப்போடுவதே பெரிய உதவிதான், அதை அப்படியே சொல்லிவிட்டால்.

யாருக்குப் பொருந்தும் என்பதிலும் கறார் வேண்டும். 5 செ.மீ.க்குள் இருக்கும் நேரான குறுகல், அதிலும் பழைய ஆபரேஷன் இணைப்பில் விழுந்தது என்றால் நல்ல பலன். நீளம் ஒவ்வொரு செ.மீ. கூடும்போதும் பின்னால் ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு 8 சதவீதம் ஏறுகிறது என்கிறது அதே தொகுப்பு. பக்கத்தில் சீழ்க்கட்டியோ புரையோ இருந்தால் தொடவே கூடாது. பலூனுக்குப் பதில் உலோக ஸ்டென்ட் வைத்தால் நிலைக்குமே என்று ஸ்பெயினில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: ஓராண்டு வரை வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் பலூனில் 80 சதவீதம், ஸ்டென்டில் 51. பழைய பலூனே வென்றது.

கத்தியை வில்லனாக்கவும் வேண்டாம். குடலை வெட்டி எறியாமல், குறுகிய இடத்தை நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து அகலமாக்கும் முறை ஒன்று உண்டு. டி.பி.யால் சுருங்கிய குடலுக்கு அதைச் செய்து 1977-இல் எழுதியவர்கள் கட்டாரியா முதலான இந்திய அறுவை மருத்துவர்கள். குரோன் நோய்க்கு இங்கிலாந்தில் அதை எடுத்துக்கொண்டது பிறகுதான். பல இடங்களில் குறுகல் இருப்பவருக்கு இன்றும் அது நல்ல வழி. பலூனைப் புகழும் பேச்சில் அதன் பெயர் ஏனோ அடிபடுவதில்லை.

வடலூர்க்காரர் ஒருவருக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? அவர் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, வேலூருக்கோ போவார். நூறு முறை விரித்தால் ஏறத்தாழ மூன்று முறை குடல் கிழிவதோ ரத்தம் கொட்டுவதோ நேர்கிறது. கிழிந்தால் தாமதமில்லாமல் வயிற்றைத் திறக்க ஆள் வேண்டும். ஆகவே பலூன் கருவி எங்கே இருக்கிறது என்பதைவிட, குடல் அறுவை மருத்துவர் இரவிலும் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துப் போவதே புத்திசாலித்தனம். மறுபடி மறுபடி விரிக்க வரவேண்டிய சிகிச்சைக்குப் பஸ் செலவும் கூலி இழப்பும் கணக்கில் வரும். ஓராண்டில் வருவதை நிறுத்திக்கொள்ளும் நோயாளிக்கு இந்த முறை கிட்டத்தட்ட வீண்.

இதைவிடப் பெரிய சங்கடம் பலூனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் குடல் டி.பி.யும் குரோன் நோயும் ஸ்கேனிலும் கொலனோஸ்கோப்பியிலும் ஒன்றுபோலவே தெரியும். சந்தேகமென்றால் முதலில் டி.பி. மருந்து. தவறில்லை, டி.பி. இருப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து. ஆனால் குரோன் நோயாளி மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை விழுங்கும்போது, உள்ளே புண் தழும்பாகி இறுகிக்கொண்டிருக்கிறது. இப்படிச் சோதனையாக மருந்து பெற்றவர்களுக்குக் குறுகல் விழும் வாய்ப்பு கூடுகிறது என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களே 2020-இல் எழுதினார்கள். பலூனால் திறக்க முயலும் குறுகல்களில் சில, நாம் காத்திருந்ததால் விளைந்தவை. டி.பி. என்று உறுதியாகாமல் மருந்து தொடங்கியவருக்கு இரண்டு, மூன்று மாதத்தில் மறு கொலனோஸ்கோப்பி செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்தே அடுத்த முடிவு எடுக்க வேண்டும். வயிற்றுவலி குறைந்திருக்கிறதே என்று ஆறு மாதமும் அதே சீட்டைத் தொடர்வது போதாது.