பழைய விரிசலின் மேல் புதிய தார்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பல ஆண்டு வேலை பார்த்த ஒருவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: முதல் சூட்டில் விரிசல் விட்ட ஒரு ஃபியூஸ் கட்டைக்கு மெருகு பூசி மறுபடியும் சூளையில் வைத்தால் விரிசல் போய்விடுமா? அவர் சிரிப்பார். உருகிய மெருகு விரிசலின் இரு கரைகளுக்கும் ஒதுங்கிக்கொள்ளும். அல்லது மூடிவிட்டதுபோல் பாசாங்கு செய்து, சூளை ஆறும்போது அதே கோட்டில் பிளக்கும். மெருகு என்பது மேல்தோல். உடலில் உள்ள குறையைத் தோல் தீர்ப்பதில்லை. ஆகவே அந்தக் கட்டையை அவர் கழித்துப் போட்டுவிடுவார்.

தெருவுக்குத் தார் போடும்போது மட்டும் இந்த எளிய அறிவு நமக்கு வேலை செய்வதில்லை. வலை வலையாக வெடித்துக் கிடக்கும் பழைய தளத்தின் மேல் புதிய ஜல்லிக் கலவையைக் கொட்டி, ரோலரை ஓட்டி, 'சாலை புதுப்பிக்கப்பட்டது' என்று சொல்லிக்கொள்கிறோம். முதல் நாள் மாலை தெரு கன்னங்கரேலென்று மின்னுகிறது. அந்தக் கறுப்பைப் பார்த்து நாமும் மனம் நிறைந்துவிடுகிறோம். புதுச் சாலையை அதன் நிறத்தைக் கொண்டு மதிப்பிடும் இந்தப் பழக்கத்தைத்தான் இங்கே குறை சொல்ல வந்திருக்கிறேன். சாலையை அளந்து மதிப்பிட வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு நூல், ஒரு அளவுகோல், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ஒரு ரசமட்டம், பள்ளியில் படித்த கணக்கு, அவ்வளவே.

முதலில் விரிசலைக் காண்போம். சித்திரை வெயிலில் தார்த்தளத்தின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். விடியற்காலையில் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். சூட்டில் விரிவதும் குளிர்ச்சியில் சுருங்குவதும் தாருக்கும் உண்டு, கல்லுக்கும் உண்டு. பழைய தளத்தில் விரிசல் இருந்தால், சுருக்கமெல்லாம் அந்த இடத்தில் வந்து சேர்ந்து அதன் வாயைச் சற்றே திறக்கும். மேலே ஒட்டியிருக்கும் புதுத் தளத்தின் கதி என்ன? ஒரு மில்லிமீட்டர் நீட்சியை ஒரு மீட்டர் நீளம் பங்கிட்டுக்கொண்டால் திரிபு ஆயிரத்தில் ஒன்று. அதே ஒரு மில்லிமீட்டர், விரிசலுக்கு நேர் மேலே ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டுமென்றால் திரிபு பத்தில் ஒன்று. நீட்சி அதேதான், திரிபோ நூறு மடங்கு. இது போதாதென்று, லாரியின் சக்கரம் ஏறும்போது விரிசலின் ஒரு கரை தாழ்கிறது, மறு கரை அப்படியே நிற்கிறது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளுக்கு நடுவே வைத்த துணியின் நிலைதான் புதுத் தளத்திற்கு. பொறியாளர்கள் இதைப் 'பிரதிபலிப்பு விரிசல்' என்பார்கள். கண்ணாடியில் முகம் தெரிவதுபோல், கீழ்த்தளத்தின் விரிசல் கொஞ்ச நாளில் மேல்தளத்தில் தெரியும் என்பது பொருள்.

விரிசல் வந்தபின் மழைநீருக்கு வழி பிறந்துவிடுகிறது. ஜல்லிக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரின் மேல்தான் பற்று அதிகம். நீர் இரண்டுக்கும் நடுவே நுழைந்து தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு தெருவில் ஜல்லி தனியே உருண்டு கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசியபின் தாரைக் கலக்கும் முறையை உருவாக்கினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல்லுக்கும் நீருக்கும் உள்ள அந்தப் பற்றைக் குறைக்கும் நல்ல முறை அது. ஆனால் அந்தக் கலவையையும் உடைந்த தளத்தின் மேலேயே பரப்பினால், கத்தரிக்கோல் தன் வேலையைச் செய்யாமல் விடாது.

அடுத்தது மட்டம். தமிழ்நாட்டுப் பழைய ஊர்களில் திண்ணை வைத்த வீடுகள் ஒரு காலத்தில் தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறிப் போகும்படி இருந்தன. இன்று பல தெருக்களில் வீட்டுக்குள் இறங்கிப் போகிறோம். வீடு தாழவில்லை, தெரு உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் 4 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை போட்டால், முப்பதாண்டில் 24 சென்டிமீட்டர். ஒரு வாசற்படியின் உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டர் இருக்கும். அஃதாவது ஒரு தலைமுறைக்குள் ஒன்றரைப் படி மண்ணுக்குள் போய்விட்டது. மழைநீர் புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. வீட்டு வரி ரசீது பார்த்து அது நுழைவதில்லை.

இந்தக் குறையை அரசாங்கமும் அறியாமல் இல்லை. 2021 மே மாதம், அப்போது தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குத்தான் புதுத் தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயர்ந்து வீடுகளில் நீர் புகக் கூடாது என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். சுரண்டுவதற்கென்றே எந்திரம் இருக்கிறது. உருளையைச் சுற்றிலும் டங்ஸ்டன் கார்பைடு பற்கள் பதித்த எந்திரம் அது. சுரண்டி எடுத்த கலவையையும் மறுபடி பயன்படுத்தலாம். விரிசல் கண்ட தோலும் போயிற்று, மட்டமும் காக்கப்பட்டது; ஒரே செயலில் இரண்டு பயன். அந்த அறிவுறுத்தலுக்குப் பின்னும் சுரண்டாமல் போடுகிறார்கள் என்ற முறையீடுகள் நாளிதழ்களில் வந்தவண்ணம் இருக்கின்றன. ஒப்பந்தக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை. 'இத்தனை கிலோமீட்டர் போட்டோம்' என்பதுதான் நமக்குச் சொல்லப்படும் கணக்கு; 'இத்தனை சென்டிமீட்டர் சுரண்டினோம்' என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. போட்ட நீளம் ஒன்றே கணக்கானால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் சாட்சி. 2022 ஜூனில் அங்கே ஒரு தெருவில், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் அதன் சக்கரங்களோடு சேர்த்தே சிமெண்டுச் சாலை போட்டுவிட்டார்கள். நாடே சிரித்தது. எனக்கென்னவோ, அது வேடிக்கையான விபத்தல்ல, கணக்கு வைக்கும் முறையின் நேர் விளைவு என்றே தோன்றுகிறது.

தெரு உயர்ந்தால் வீட்டுக்குத்தானே கஷ்டம், வண்டிக்கு என்ன என்று நினைக்காதீர்கள். தாரின் ஓரத்தில் மண் அதே மட்டத்தில் இருக்க, தார் மட்டும் 10 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கியவர் மறுபடி தாரில் ஏற வேண்டும். திருப்புத்திறன் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சைக்கிள் சக்கரம் அந்தப் படியில் நேராக ஏற, சக்கரம் தாங்கும் பாரத்துக்கு ஏறக்குறையச் சமமான விசை கிடைமட்டமாக வேண்டும். சிறிய சக்கரமுள்ள ஸ்கூட்டருக்கோ, ஆரம் 22 சென்டிமீட்டர் என்று கொண்டால், பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும். அதுவும் நேராக ஏறினால். ஓட்டுகிறவர் சாய்வாகத்தான் வருவார். டயரின் பக்கவாட்டு தார் விளிம்பில் உரசும்; ஹாண்டிலை இன்னும் திருப்புவார்; சட்டென்று ஏறும் அந்தக் கணத்தில் திருப்பிய சக்கரம் அவரைச் சாலையின் நடுவுக்கே இழுத்துச் செல்லும். இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். இவர்கள் அனைவரையும் தார் விளிம்பு கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரைச் சாண் உயரத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது.

சாலையின் குறுக்கு வாட்டமும் இதோடு சேர்ந்தது. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும். தார்ச்சாலைக்கு இது நூற்றுக்கு 2 அளவில் இருக்கும். 6 மீட்டர் அகலத் தெருவில், நடுவிலிருந்து ரசமட்டம் வைத்து நூலைக் கிடைமட்டமாக ஓரம் வரை பிடித்தால், ஓரத்தில் நூலுக்கும் தாருக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் நடுத்தெருவில் தங்கும்.

அந்தப் பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பு பீங்கான் தட்டுக்கு அழகு. சாலைக்கு அது நல்ல அறிகுறியல்ல. தார் அளவுக்கு மீறினால் வெயிலில் அது மேலே கசிந்து ஜல்லியின் சொரசொரப்பை மூடிவிடும். உலர்ந்த நல்ல தளத்தில் டயரின் உராய்வுக் குணகம் 0.7 என்றும், நனைந்த வழுக்குத் தளத்தில் 0.4 என்றும் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்தபின் முன்னதில் 14 மீட்டரில் நிற்கும். பின்னதில் 25 மீட்டர் ஓடும். மிச்சமுள்ள அந்த 11 மீட்டரில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று நிற்கலாம்.

குழியில்லாத புதுச் சாலையில் வண்டிகள் வேகமெடுக்கும். யாராவது அடிபடுவார்கள். ஊர் மறியல் செய்யும். மறுநாள் வேகத்தடை முளைக்கும். போக்குவரத்துப் பாதுகாப்பு என்ற பெயரில் நம் ஊர்களில் அதிகமாக நடக்கும் வேலை இதுவே எனலாம். வேகத்தடைக்கு நான் எதிரியல்ல. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு அதில் சிறிது பெருமைகூட உண்டு. எக்ஸ் கதிர்ச் சிதறலுக்காக 1927-ல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், 1953-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தம் பல்கலைக்கழக வளாகத்தில் கார்கள் விரைவதைக் கண்டு, தாமே வேகத்தடை ஒன்றை வடிவமைத்தார். பின்னர் 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல வடிவங்களைச் சோதித்து, 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வட்ட வில் வடிவத்தைத் தேர்ந்தார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட நெறிமுறையும் அதே அளவைத்தான் சொல்கிறது: ஆரம் 17 மீட்டர், நாண் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், கடக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர்; 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை.

இந்த எண்கள் ஏதோ மனம் போனபடி வைத்தவையல்ல. வில்லின் உச்சியில் வண்டியின் மைய நோக்கு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வரும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 6.94 மீட்டர். கணக்குப் போட்டால் 2.8 வரும், புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. பயணி தன் எடை சிறிது குறைந்ததாக உணர்வார், துன்பமில்லை. 40 கிலோமீட்டரில் எடையில் முக்கால் பங்கு குறையும், வயிறு எச்சரிக்கும். 46 கிலோமீட்டரைத் தாண்டினால் சக்கரம் தரையை விட்டு எழும். மெதுவாகப் போகிறவரை வருத்தாமல், வேகமாகப் போகிறவரை மட்டும் தண்டிக்கும் தடை இது. பிழை செய்தவனைப் பார்த்துத் தண்டிப்பதுதானே நீதி?

நம் தெருவில் ஒரே இரவில் முளைத்த தடையை இப்போது அளப்போம். அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும்: 43 சென்டிமீட்டர். 17 மீட்டர் எங்கே, 43 சென்டிமீட்டர் எங்கே! சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டரையும் சேர்த்து அச்சு செல்லும் வளைவைக் கணக்கிட்டால், ஸ்பிரிங்கை மறந்துவிட்டுப் பார்க்கும்போது, மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் சக்கரம் தரையில் நிற்காது. அது மனிதன் மெல்லோட்டமாக ஓடும் வேகம். நெறிமுறைத் தடையில் ஏறும் கோணம் 6 டிகிரி. இதில் 40 டிகிரிக்கு மேல். சைக்கிளில் வரும் பெரியவரும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணியும், கண்மண் தெரியாமல் வரும் இளைஞனும் இங்கே ஒரே தண்டனை பெறுகிறார்கள். இருட்டில், வெள்ளைப் பட்டையும் பலகையும் இல்லாமல் அது கிடந்தால், தடை என்ற சொல்லே பொருந்தாது, அது பொறி.

உங்கள் ஊரில் உள்ள வேகத்தடைகளின் ஆரத்தை இப்படியே கணக்கிடலாம். இரண்டு பேர் நூலின் முனைகளை இரு அடிவாரத்திலும் பிடித்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு, உச்சியில் ரசமட்டம் வைத்து ஒரு நேர்க் கட்டையைக் கிடைமட்டமாக நீட்டி, கட்டையிலிருந்து தரைக்கு அளவுகோலால் அளந்தால் போதும். நகராட்சிக்கு மனு எழுதுவதாயிருந்தால், 'தடை சரியில்லை' என்று எழுதாமல், நாண், உயரம், ஆரம் மூன்றையும் எழுதி, நெறிமுறை எண்களையும் பக்கத்தில் எழுதுங்கள். தெருவுக்குப் புதுத் தார் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், அதற்கு முன்பே உங்கள் வாசற்படியிலிருந்து தார் வரை உள்ள உயரத்தைச் சுவரில் கோடிட்டுத் தேதியும் போட்டு வையுங்கள். அளக்கும்போது வண்டி வராத விடியற்காலையாகப் பார்த்துப் போவது நல்லது. ஒருவர் சிவப்புத் துணியோடு இருபது முப்பது மீட்டர் தள்ளிக் காவல் நிற்கட்டும்.