சின்ன நிறுவனத்துக்குப் பெரிய சென்சார்

கணியம்பாடியிலிருந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறினால், வேலூரின் வெளிச்சம் பின்னால் மங்கிக்கொண்டே போகும். மலையின் மேற்கே காவலூர். அந்த இருட்டை நம்பித்தான் வானியலாளர் வைணு பாப்பு அங்கே வானாய்வகம் அமைத்தார். 1968-இல் கொடைக்கானலில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கி, 1972-இல் ஒரு மீட்டர், 1986-இல் 2.34 மீட்டர் என்று ஒளி வாங்கும் பரப்பு படிப்படியாகத்தான் அகலமானது.

கேமரா உலகிலும் ஒளி வாங்கும் பரப்பை எப்போது அகலப்படுத்துவது என்பதுதான் கேள்வி. சிறிய நிறுவனம் ஃபுல் ஃப்ரேமில் முதல் போடலாமா?

36க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மி.மீ.; ஏபிஎஸ்-சி சுமார் 367. அமிர்தி அருவியைப் பகலில் எடுத்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அமாவாசை இரவில், நிழல்களில் நாய்ஸ் பொரியும்போது தெரியும்.

பென்டாக்ஸ் இந்தக் கேள்வியை இருமுறை சந்தித்தது. 2000-இல் கொலோன் ஃபோட்டோகினாவில் ஃபிலிப்ஸின் ஆறு மெகாபிக்சல் சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவைக் காட்டியது; தயாரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல் அடுத்த ஆண்டே கைவிட்டது. அதே ஃபிலிப்ஸ் சென்சாரோடு 2002-இல் கான்டாக்ஸ் என் டிஜிட்டலை விற்பனைக்குக் கொண்டுவந்த கியோசெரா, 2005-இல் கேமராத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது.

பென்டாக்ஸ் காத்திருந்தது. ரிக்கோவின் கைக்கு மாறிய பிறகு, 2016-இல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரோடு கே-1 வந்தது. ரசிக்க வேண்டிய கேமரா அது. கையதிர்வை அடக்க சென்சாரை நகர்த்தும் பொறி இருக்கிறதல்லவா, அதையே ஜிபிஎஸ் துணையோடு விண்மீன்களின் பின்னால் ஓட விட்டார்கள். ட்ரைபாடில் நிறுத்தி நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் விண்மீன் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே பதியும். பெயர் ஆஸ்ட்ரோடிரேசர். எத்தனை அழகான யோசனை! முந்தைய ஏபிஎஸ்-சி பாடிகள் பலவற்றில் இதற்குத் தனி ஜிபிஎஸ் கருவி மாட்ட வேண்டியிருந்தது. கே-1-இல் உள்ளேயே இருக்கிறது.

லென்ஸ் கதை இன்னும் இனிது. பிலிம் காலத்தில் வந்த 43 மி.மீ. லிமிடெட் லென்ஸின் குவிதூரம், 36க்கு 24 சட்டத்தின் மூலைவிட்ட நீளமேதான். ஏபிஎஸ்-சி பாடியில் அதன் பார்வை குறுகி, 65 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொண்டது. கே-1-இல் தன் முழுப் பார்வையையும் திரும்பப் பெற்றது. 2018-இல் கே-1 மார்க் II வந்தபோது, பழைய கே-1-ஐ அனுப்பினால் கட்டணம் பெற்று உள்பலகையை மாற்றிக் கொடுத்தார்கள். வாங்கியவரை மதிக்கும் தொழில் தர்மம் இது.

ஃபியூஜிஃபில்ம் வேறு வழி போனது. எக்ஸ் வரிசையை ஏபிஎஸ்-சி அளவிலேயே வளர்த்து, ஃபுல் ஃப்ரேமைத் தாண்டி 2017-இல் 44க்கு 33 மி.மீ. சென்சாருக்குப் போய்விட்டது. கையில் பழைய ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் குடும்பம் இல்லாத நிறுவனத்துக்கு அதுவே சரியான வழி. அந்தக் குடும்பமும், பிறரிடம் இல்லாத ஒரு கைவித்தையும் இருந்தால் சின்ன நிறுவனம் தயங்காமல் ஃபுல் ஃப்ரேமில் இறங்கலாம். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு கே-1-ஐ இரவல் வாங்கி, மாசி அமாவாசைக்கு ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள்.